ஏலக்காய் ஸ்டோரில் 16 சேனல் கருவி: வெப்பநிலை ஏழு ஏழு டிகிரியாகத் தாவுகிறது, மாட்டாத சேனலிலும் எண் வருகிறது

கம்பம்மெட்டு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சித்தப்பாவுக்குக் கம்பம்மெட்டு தாண்டி இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டமும், விறகடுப்பு வைத்துக் காயை உலர்த்தும் ஸ்டோரும் இருக்கின்றன. போன முறை போட்ட காய் பச்சை நிறம் போய் வெளுத்து வந்துவிட்டது. போடியில் ஏலம் எடுப்பவர்கள் நிறம் பார்த்துத்தான் கை வைக்கிறார்கள். தீ போடுகிற பெரியவர் இரவெல்லாம் சூடு சரியாகத்தான் இருந்தது என்கிறார். அவரைச் சந்தேகப்பட மனமில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு உள்ளே எவ்வளவு சூடு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

16 சேனல், 16 பிட், யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் சேரும் டேட்டா அக்விசிஷன் கருவி (உணரிகள் தரும் வோல்ட்டை அளந்து பதிவு செய்வது) ஒன்றைப் பழசாக வாங்கினேன். மாட்டியிருப்பது இப்படி: 0, 1, 2 ஆகிய சேனல்களில் மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு. 3இல் புகைக்குழாய். நான்குமே கே டைப் தெர்மோகப்பிள், அதாவது இரண்டு உலோகக் கலவை வயர்களை முனையில் சேர்த்த வெப்ப உணரி. 4இல் காற்றின் ஈரப்பதம் அளக்கும் டிரான்ஸ்மிட்டர், 4-20 மில்லி ஆம்ப் வெளியீடு, 250 ஓம் ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டாக மாற்றியிருக்கிறேன். 5, 6, 7 காலி. சாஃப்ட்வேரில் எல்லா சேனலையும் முதலில் இருந்தபடியே விட்டுவிட்டேன்: சிங்கிள் எண்டட், பிளஸ் மைனஸ் 10 வோல்ட்.

இப்போது நடப்பது. வெப்பநிலை சீராக ஏறவில்லை. ஏழு, ஏழரை டிகிரியாகப் படிப்படியாகத் தாவுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் நான்கு தெர்மோகப்பிளும் ஒரே நேரத்தில் குதிக்கின்றன. எதுவுமே மாட்டாத 5ஆம் சேனலில், 4ஆம் சேனலின் எண்ணுக்குக் கிட்டத்தட்ட அதே எண் வருகிறது. ஈரப்பதம் பச்சைக்காய் போட்ட முதல் சில மணி நேரம் கையில் உள்ள மீட்டரோடு ஒத்துப்போகிறது, விடியற்காலையில் மட்டும் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது. மேல்தட்டு, கண்ணாடித் தெர்மாமீட்டரைவிட ரொம்பக் குறைவாகக் காட்டுகிறது.

கருவி பழுதா, நான் வயர் போட்டதில் பிழையா? அடுத்த பறிப்பு பத்து நாளில் வருகிறது.


வண்டிப்பெரியாறு:

தம்பி, கருவி நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் கேட்டதைத்தான் அது காட்டுகிறது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன், இதே படிக்கட்டை எங்கள் ட்ரையரிலும் பார்த்திருக்கிறேன்.

கே டைப் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவது ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட். 50 டிகிரியில் மொத்தமே 2 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். நீங்கள் திறந்து வைத்திருக்கும் ரேஞ்ச் மைனஸ் 10இலிருந்து பிளஸ் 10 வரை, மொத்தம் 20 வோல்ட். 16 பிட் என்றால் அதை 65,536 துண்டாக்குகிறது. ஒரு துண்டு 305 மைக்ரோவோல்ட். 305ஐ 41ஆல் வகுத்துப் பாருங்கள், 7.4 வரும். உங்கள் ஏழரை டிகிரித் தாவல் அதுதான். நெல் மூட்டை நிறுக்கிற தராசில் ஏலக்காய் நிறுத்தால் எப்படியோ அப்படி.

மெனுவில் வேறு என்ன ரேஞ்ச் இருக்கிறது என்று பாருங்கள். பல கருவிகளில் பிளஸ் மைனஸ் 1, அப்புறம் 0.1 வோல்ட் இருக்கும். 0.1 இருந்தால் ஒரு துண்டு 3 மைக்ரோவோல்ட், அதாவது டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தெர்மோகப்பிள் சேனல்களுக்கு மட்டும் அதைப் போடுங்கள். 4ஆம் சேனலில் 5 வோல்ட் வரை வரும், அதைத் தொடாதீர்கள். ரேஞ்சைச் சேனலுக்குச் சேனல் தனியாக வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும்.

மூன்று கேள்விகள். தெர்மோகப்பிளின் முனை உறையோடு சேர்த்துப் பற்றவைத்ததா, தனியாக நிற்கிறதா? மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஒரு வயருக்கும் வெளி உறைக்கும் இடையில் பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் கேபிள் எவ்வளவு நீளம், நடுவில் இணைப்பு எதுவும் உண்டா? கோல்ட் ஜங்ஷன், அதாவது தெர்மோகப்பிள் வயர் கருவியில் சேரும் முனை, அதன் வெப்பத்தைச் சாஃப்ட்வேர் எங்கிருந்து எடுக்கிறது?


தேவாரம்:

நானும் ஸ்டோர் வைத்திருப்பவன், அதனால் ஒரு வார்த்தை. தெர்மோகப்பிளில் சிவப்பு வயர் என்றால் பிளஸ் என்று நினைத்து மாட்டி மூன்று நாள் அலைந்தேன். அடுப்பு எரிய எரிய எண் இறங்கியது. மஞ்சளும் சிவப்புமாக வருவது அமெரிக்க முறை, அதில் சிவப்புதான் மைனஸ். பச்சையும் வெள்ளையுமாக வருவது ஐஇசி முறை, அதில் பச்சை பிளஸ். கம்பம் மின்சாமான் கடைகளில் இரண்டும் கலந்து கிடைக்கின்றன. முதலில் முனையைக் கையால் பிடித்துச் சூடேற்றி, எண் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.


கம்பம்மெட்டு:

நன்றி அண்ணே. 0.1 வோல்ட் ரேஞ்ச் இருக்கிறது. நான்கிலும் மாற்றிவிட்டேன், படிக்கட்டுத் தாவல் போய்விட்டது. அப்படியே கோடு போட்ட மாதிரி ஏறுகிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஃபேன் போடும்போது குதிப்பது இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

நீங்கள் கேட்டவை: தட்டுகளில் இருக்கும் மூன்றும் உறையோடு ஒட்டாதவை. புகைக்குழாயில் இருப்பது மட்டும் உறையோடு ஒட்டியது, உறை குழாயில் திருகி நிற்கிறது. கேபிள் எல்லாம் 15 முதல் 20 மீட்டர். மேல்தட்டுக்கு மட்டும் கேபிள் பத்தாமல் நீட்டியிருக்கிறேன். கோல்ட் ஜங்ஷன் என்ற இடத்தில் "மாறிலி, 25" என்று இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.

தேவாரம் அண்ணே, நிறம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன், கையால் பிடித்தும் பார்த்துவிட்டேன்.


செங்கோட்டை:

புகைக்குழாய் தெர்மோகப்பிள்தான் ஃபேன் குதிப்புக்கு வாசல். சிங்கிள் எண்டட் என்றால் எல்லாச் சேனலின் மைனஸ் வயரும் உள்ளே ஒரே கிரவுண்டில் சேர்ந்துவிடும். புகைக்குழாயின் உறை இரும்பு, இரும்பு ஸ்டோரின் எர்த்தில் இருக்கிறது. ஃபேன் மோட்டாரும் அதே எர்த். மோட்டார் ஓடும்போது அந்த எர்த் சற்று ஆடும். அந்த ஆட்டம் 3ஆம் சேனலின் மைனஸ் வழியாகக் கருவியின் கிரவுண்டுக்குள் நுழைந்து, நான்கு சேனலுக்கும் பொதுவாகிவிடுகிறது. நாம் அளப்பதே 2 மில்லிவோல்ட், அரை மில்லிவோல்ட் ஆடினால் 12 டிகிரி போச்சு.

டிஃபரன்ஷியலுக்கு மாறுங்கள், அதில் ஒவ்வொரு சேனலும் தன் இரண்டு வயருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் அளக்கும். 16 சேனல் 8ஆகக் குறையும், உங்களுக்கு அது போதும். ஆனால் எந்த டெர்மினல் எதோடு ஜோடி என்பதைக் கையேட்டில் பார்க்காமல் வயரைத் தொடாதீர்கள். சில கருவிகளில் 0க்கு ஜோடி 8, 1க்கு 9 என்று போகும். சிலவற்றில் 0க்கு ஜோடி 1, 2க்கு 3. எட்டுச் சேனல் உள்ள சின்னக் கருவிகளில் 0க்கு 4 என்றும் உண்டு. ஒன்றை மற்றொன்றாக நினைத்து மாட்டினால் எண் வரும், ஆனால் அது எந்தத் தட்டின் எண் என்று தெரியாது. எண்ணே வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, தவறு என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். தட்டுகளுக்கு கே டைப் வேண்டாம், வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் பிடி100 உணரி போடுங்கள். கே டைப்பில் முதல் தரத்துக்கே ஒன்றரை டிகிரி முன்னே பின்னே அனுமதி, இரண்டாம் தரத்துக்கு இரண்டரை டிகிரி. ஏ தர பிடி100 ஐம்பது டிகிரியில் கால் டிகிரிக்குள் நிற்கும். காய்க்கு 45க்கும் 55க்கும் இடையில்தானே வேலை? அந்தப் பத்து டிகிரிக்குள் இரண்டரை டிகிரி சந்தேகம் பெரிது.


கஞ்சிக்கோடு:

அண்ணாச்சி சொல்வதில் டிஃபரன்ஷியல் வரை ஒப்புக்கொள்கிறேன். பிடி100 இவருக்கு இப்போது சரிவராது. அதற்குள் மின்னோட்டம் செலுத்த வேண்டும், இவருடைய கருவி வோல்ட் மட்டும் அளக்கும். இரண்டு வயரில் மாட்டினால் 20 மீட்டர் போக 20 மீட்டர் வர, 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பில் ஏறக்குறைய 1 ஓம் சேரும். பிடி100இல் 1 ஓம் என்றால் 2.6 டிகிரி. கே டைப்பின் பிழையை விட்டு இதற்குள் விழுந்த மாதிரி ஆகும். மூன்று வயர், அதற்கேற்ற மாட்யூல் என்று போனால் செலவு ஏறும்.

நான் பேனல் கட்டுபவன், பாலக்காட்டுப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் செய்கிறேன். இருபது மீட்டர் தூரத்துக்கு, மோட்டார் வயருக்குப் பக்கத்தில், மில்லிவோல்ட்டை நான் இழுப்பதே இல்லை. தெர்மோகப்பிளின் தலையிலேயே சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்து 4-20 மில்லி ஆம்பாக மாற்றிவிடுவேன். அப்புறம் எந்த வயரைப் போட்டாலும் கவலை இல்லை, வயர் அறுந்தால் 4க்குக் கீழே விழுந்து உடனே தெரிந்துவிடும். சேனல் எல்லாம் ஒரே மாதிரி, 250 ஓம், 1 முதல் 5 வோல்ட். இரவு மூன்று மணிக்கு யாராவது பழுது பார்க்க வேண்டும் என்றால் இதுதான் எளிது.


செங்கோட்டை:

எளிது என்பதை மறுக்கவில்லை தம்பி. ஆனால் நான்கு டிரான்ஸ்மிட்டரின் விலை இவர் பழசாக வாங்கிய கருவியின் விலையைத் தாண்டும். முதலில் இருப்பதைச் சரியாக மாட்டிப் பார்க்கட்டும். புகைக்குழாய்க்கு மட்டும் வேண்டுமானால் பிறகு டிரான்ஸ்மிட்டர் வைக்கலாம், அங்கே நீங்கள் சொல்வது நியாயம்.


ஆரல்வாய்மொழி:

தம்பி, மற்றவர்கள் தொடாத இரண்டை நான் எடுத்துக்கொள்கிறேன். பாலிடெக்னிக்கில் அளவைக் கருவிகள் பாடம் நடத்துகிறேன், இந்த இரண்டில்தான் என் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தடுமாறுகிறார்கள்.

மாட்டாத சேனலில் எண் வருவது. உங்கள் கருவிக்குள் 16 அளவிகள் இல்லை, ஒன்றே ஒன்றுதான். ஒரு சுவிட்ச் சேனல் சேனலாகச் சுற்றி அதோடு இணைக்கிறது. உள்ளே சின்னக் கெபாசிட்டர் ஒன்று ஒவ்வொரு சேனலின் வோல்ட்டையும் பிடித்து வைக்கும். 4இல் 3 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு 5க்குப் போகிறது. 5இல் வயர் இல்லை, அந்த மின்னூட்டம் வெளியேற வழி இல்லை, அதனால் பழைய எண்ணையே சொல்கிறது. காலிச் சேனலைத் திறந்தபடி விடாதீர்கள், பிளஸையும் மைனஸையும் சேர்த்துக் கருவியின் கிரவுண்டில் கட்டிவிடுங்கள்.

இதில் உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. ஈரப்பதச் சேனலில் வோல்ட் கணக்கில் வருகிறது, தெர்மோகப்பிளில் மில்லிவோல்ட் கணக்கில். பெரியதை அளந்த கையோடு சிறியதை அளந்தால் மிச்சம் ஒட்டிக்கொள்ளும். அதனால் படிக்கும் வரிசையில் 4க்குப் பிறகு, கிரவுண்டில் கட்டிய 5ஐப் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் தெர்மோகப்பிள்களுக்குப் போகட்டும். 5இன் எண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாம். அது பாத்திரத்தை ஒருமுறை அலசுகிற வேலை.

அடுத்து ஈரப்பதம். உங்கள் ஸ்கேலிங்கில் 0 வோல்ட்டுக்கு 0 சதவீதம், 5 வோல்ட்டுக்கு 100 என்று போட்டிருப்பீர்கள், நான் ஊகிப்பது சரிதானே? 4 மில்லி ஆம்ப் 250 ஓமில் 1 வோல்ட். அதுதான் 0 சதவீதம். உண்மையில் 90 சதவீதம் இருந்தால் 4.6 வோல்ட் வரும், நீங்கள் போட்ட கணக்கில் அது 92. இரண்டு சதவீத வித்தியாசத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள். விடியற்காலையில் உண்மையில் 25 இருந்தால் 2 வோல்ட், உங்கள் திரையில் 40. காயில் ஈரம் இருக்கும்வரை சரி போலவும், காய்ந்த பிறகு தவறாகவும் தெரிந்ததற்கு அதுதான் காரணம். 1 வோல்ட்டுக்கு 0, 5 வோல்ட்டுக்கு 100 என்று மாற்றுங்கள். அந்த 250 ஓம் எங்கே வாங்கினீர்கள்? கடையில் அந்த மதிப்பு எளிதில் கிடைக்காது. ஒரு சதவீதத் துல்லியமுள்ள 1 கிலோ ஓம் நான்கைப் பக்க இணைப்பில் போட்டால் 250 வந்துவிடும். மல்டிமீட்டரில் அளந்து, வருகிற உண்மையான எண்ணைச் சாஃப்ட்வேரில் கொடுங்கள்.

கோல்ட் ஜங்ஷன் மாறிலி 25 என்பதையும் விடாதீர்கள். தெர்மோகப்பிள் சொல்வது இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டும்தான். கருவி இருக்கும் அறை 25 என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. மலையில் ராத்திரி 25 எங்கே இருக்கப்போகிறது? டெர்மினல் பக்கத்தில் எல்எம்35 என்ற சின்ன வெப்ப உணரி ஒன்றை ஒட்டி, 7ஆம் சேனலில் மாட்டுங்கள். டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும், 1 வோல்ட் ரேஞ்ச் போதும். கோல்ட் ஜங்ஷனுக்கு 7ஆம் சேனலைப் பார் என்று சொல்லிவிடுங்கள்.


கம்பம்மெட்டு:

அக்கா, நீங்கள் ஊகித்தது அப்படியே சரி. 0 முதல் 5 என்றுதான் போட்டிருந்தேன். மாற்றியதும் கையில் உள்ள மீட்டரோடு இரண்டு சதவீதத்துக்குள் வந்துவிட்டது. ரெசிஸ்டரை அளந்தேன், 243 இருந்தது. அந்த எண்ணையே கொடுத்துவிட்டேன்.

செங்கோட்டை அண்ணாச்சி சொன்னபடி கையேட்டைப் பார்த்தேன். என் கருவியில் 0க்கு 8 ஜோடி. எல்லாவற்றையும் டிஃபரன்ஷியலாக மாற்றி வயர் போட்டேன். ஃபேன் குதிப்பு 0, 1, 2 மூன்றிலும் நின்றுவிட்டது. ஆனால் புதிதாக ஒன்று. தட்டுச் சேனல் மூன்றும் பத்து நிமிடம் நன்றாக ஓடுகின்றன, அப்புறம் மெல்ல மெல்ல மேலே நகர்ந்து கடைசி எண்ணில் போய் ஒட்டிக்கொள்கின்றன. வயரைக் கழற்றி மாட்டினால் மறுபடி பத்து நிமிடம். புகைக்குழாய் மட்டும் நகரவில்லை, ஆனால் அதில் நடுக்கம் இருக்கிறது.

காலிச் சேனல்களைக் கட்டிவிட்டேன். 5இல் இப்போது சுத்தமாக 0.

எல்எம்35உம் வைத்தேன். அறையில் 22 காட்டுகிறது. இதில்தான் எனக்குப் புரியாதது: நடுத்தட்டும் கீழ்த்தட்டும், ஒட்டிக்கொள்வதற்கு முன்னால், கண்ணாடித் தெர்மாமீட்டருக்கு ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டன. மேல்தட்டு முன்பு 42 காட்டியது, இப்போது 39 காட்டுகிறது. கண்ணாடியில் 51. சரி செய்யச் செய்ய இன்னும் விலகிப் போகிறது.


செங்கோட்டை:

நகர்ந்து போய் ஒட்டிக்கொள்வது நான் சொல்ல மறந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி. உறையோடு ஒட்டாத தெர்மோகப்பிள் அந்தரத்தில் தொங்குகிறது. கருவியின் ஒவ்வோர் உள்ளீடும் மிகச் சிறிய மின்னோட்டத்தை இழுக்கும் அல்லது தள்ளும். அது திரும்பிப் போக வழி வேண்டும். வழி இல்லையென்றால் இரண்டு வயரும் சேர்ந்தே மிதந்து, கருவியின் எல்லைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு தட்டுச் சேனலின் மைனஸிலிருந்தும் கருவியின் கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள், 10 கிலோவும் போதும். புகைக்குழாய்க்குப் போடவேண்டாம், அதற்கு எர்த் வழியாக ஏற்கெனவே பாதை இருக்கிறது. அதனால்தான் அது நகரவில்லை.

அதிலுள்ள நடுக்கத்துக்கு ஒரு சோதனை: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.


வண்டிப்பெரியாறு:

மேல்தட்டுக் கேபிளை நீட்டியிருக்கிறேன் என்றீர்களே, எதைக் கொண்டு நீட்டினீர்கள்?


கம்பம்மெட்டு:

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செம்பு வயர் அண்ணே. நன்றாக முறுக்கி, ஸ்லீவ் போட்டு இறுக்கியிருக்கிறேன். இணைப்பு அடுப்புப் பக்கச் சுவரின் வெளிப்புறம், மேலே இருக்கிறது.


வண்டிப்பெரியாறு:

அதுதான். இறுக்கமாக இருப்பது பிரச்சினை இல்லை, செம்பாக இருப்பதுதான்.

கே டைப் கேபிளின் இரண்டு வயரும் இரண்டு வெவ்வேறு உலோகக் கலவை. தட்டிலிருந்து கருவி வரை அந்தக் கலவையே போனால்தான் "தட்டுக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசம்" கிடைக்கும். நீங்கள் வழியில் செம்புக்கு மாறிவிட்டீர்கள். செம்பு இரண்டு பக்கமும் ஒரே உலோகம், அதனால் அந்தத் தூரத்துக்கு எதுவும் சேராது. இப்போது அளவாவது தட்டுக்கும் சுவரில் இருக்கும் இணைப்புக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். ஆனால் சாஃப்ட்வேர் அதோடு கருவி அறையின் 22ஐக் கூட்டுகிறது. அடுப்புச் சுவரில் இணைப்பு இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், 34 டிகிரி பக்கம் இருக்கும். 51இலிருந்து 34 போனால் 17. 17ஓடு 22 சேர்த்தால் 39. உங்கள் எண் வந்துவிட்டது பாருங்கள்.

முன்பு 42 காட்டியதற்கும் காரணம் அதுவே. அப்போது 25ஐக் கூட்டியது. செம்பு 12 டிகிரி குறைத்தது, தவறான மாறிலி 3 டிகிரி ஏற்றியது, இரண்டும் எதிரெதிராக இழுத்து ஒன்றில் கொஞ்சத்தை மற்றொன்று மறைத்துக்கொண்டிருந்தது. மறைத்த துணியை அக்கா எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை.

கே டைப் எக்ஸ்டென்ஷன் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். முடிந்தால் இணைப்பே இல்லாமல் ஒரே ஓட்டமாக இழுத்துவிடுங்கள். மோட்டார் வயரோடு ஒரே குழாயில் போகவேண்டாம்.


கம்பம்மெட்டு:

தெர்மாமீட்டரை அந்த இணைப்போடு சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். 33.5. அண்ணே, உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படிச் சொன்னீர்கள்!

100 கிலோ ஓம் மூன்றையும் போட்டேன். நேற்றிரவு முழுக்க ஒன்றும் நகரவில்லை.

சார்ஜரைப் பிடுங்கியதும் புகைக்குழாயின் நடுக்கம் அப்படியே நின்றுவிட்டது. திரும்பச் சொருகினால் திரும்ப வருகிறது. மல்டிமீட்டரை ஏசியில் வைத்து லேப்டாப்பின் யுஎஸ்பி உலோகத்துக்கும் புகைக்குழாய்க்கும் இடையில் பார்த்தேன், 80 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பயந்துபோய்விட்டேன். ஷாக் எதுவும் அடிக்கவில்லை, புறங்கையால் தொட்டால் மட்டும் லேசாக ஊர்கிறது.


கஞ்சிக்கோடு:

இரண்டு பின் சார்ஜர்தானே? அதன் உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர் வழியாக மெயின்ஸ் சற்றே கசியும். லேப்டாப்புக்கு எர்த் இல்லாததால் அது அந்தரத்தில் மிதக்கிறது. மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால்தான் ஊர்கிற உணர்வு மட்டும். ஆனால் உங்கள் கருவியின் கிரவுண்டும் அதோடு மிதக்கிறது. டிஃபரன்ஷியல் என்றாலும் ஒவ்வொரு வயரும் கருவியின் கிரவுண்டிலிருந்து ஏறக்குறைய 10 வோல்ட்டுக்குள் இருந்தாக வேண்டும். வித்தியாசம் 2 மில்லிவோல்ட்தானே என்று அது மன்னிக்காது.

மூன்று பின் சார்ஜர், நல்ல எர்த் உள்ள பிளக். அல்லது கருவியின் கிரவுண்டிலிருந்து ஸ்டோரின் எர்த்துக்கு ஒரே ஒரு வயர். ஓரிடத்தில் மட்டும், இரண்டு இடத்தில் கட்டினால் பழைய குதிப்பு திரும்ப வரும். தொழிற்சாலையில் நான் யுஎஸ்பி ஐசொலேட்டர் போட்டுவிடுவேன், லேப்டாப் எப்படி மிதந்தாலும் கருவிக்குத் தெரியாது.

ஐசொலேட்டர் போட்டாலும் துலாமழை மின்னல் என்றால் யுஎஸ்பி வயரைக் கழற்றிவிடுங்கள். ஐப்பசியில் இடுக்கிப் பக்கம் விழுகிற இடியை ஐசொலேட்டரும் தாங்காது. மின்னல் இரவுகளுக்கு லேப்டாப் இல்லாமல் தானாகவே பதிவு செய்கிற சின்ன லாகர் ஒன்று தனியாக இருப்பது நல்லது.


தேவாரம்:

வினாடிக்கு எத்தனை தடவை படிக்க வேண்டும்? எங்கள் ஊரில் ஒருவர் வினாடிக்கு ஆயிரம் வைத்து ஓட்டி, ஒரே இரவில் கம்ப்யூட்டர் திணறிவிட்டது.


ஆரல்வாய்மொழி:

வேகமாகப் படிக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் எழுதி வைக்கத் தேவையில்லை. ஸ்டோருக்குள் சூடு ஒரு நிமிடத்தில் பெரிதாக மாறாது, நிமிடத்துக்கு ஓர் எண் தாராளம். ஆனால் அந்த ஓர் எண்ணை ஒரே ஒரு முறை படித்து எழுதினால், 50 ஹெர்ட்ஸ் இரைச்சலின் ஏதோவொரு மேட்டிலோ பள்ளத்திலோ நிற்பீர்கள். மெயின்ஸின் ஒரு சுற்று 20 மில்லி வினாடி. முழுச் சுற்றுகளாக எடுத்துச் சராசரி பார்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சேனலுக்கு வினாடிக்கு 1000 வீதம் 100 எண்கள் எடுங்கள். அது சரியாக 5 சுற்று. ஜெனரேட்டரில் ஓடும் இரவுகளில் 50 என்பது சரியாக 50ஆக இருக்காது, அப்போது ஒரு முழு வினாடிக்குச் சராசரி எடுப்பது நல்லது. சராசரியை மட்டும் எழுதி வையுங்கள்.

கவனிக்க: கருவியின் வேகம் எல்லாச் சேனலுக்கும் பொது. எட்டுச் சேனலுக்கு 1000 வீதம் என்றால் மொத்தம் 8000. கருவியின் அதிகபட்ச வேகத்தில் ஓட்டினால் உள்ளே சுவிட்ச் மாறி நிலைகொள்ள நேரம் கிடைக்காது, 4இன் மிச்சம் மறுபடி ஒட்ட ஆரம்பிக்கும். எங்கள் ஊர்க் காற்றாலையில் கியர்பாக்ஸ் அதிர்வை அளக்கிறவர்களுக்கு வேகம்தான் உயிர். ஏலக்காய்க்கு நிதானம் போதும்.


கம்பம்மெட்டு:

எல்லோருக்கும் தகவல் சொல்ல வந்தேன். எக்ஸ்டென்ஷன் கேபிள் வியாழக்கிழமை வந்தது. மேல்தட்டிலிருந்து அறை வரை இணைப்பே இல்லாமல் இழுத்துவிட்டேன், ஃபேன் வயரிலிருந்து ஒரு அடி தள்ளி. சார்ஜரை மூன்று பின்னுக்கு மாற்றியாயிற்று. கண்ணாடியில் 51, சேனலில் 50.6.

சனிக்கிழமை பறித்த காயைப் போட்டோம். இரவு முழுவதும் பதிவாகிவிட்டது. பதினொரு மணி வரை மேல்தட்டு 52, நடு 49, கீழே 46. அழகாக நிற்கிறது. இரண்டரை மணிக்குப் புகைக்குழாய் கிடுகிடுவென ஏறுகிறது, இருபது நிமிடம் கழித்து மேல்தட்டு 61 தொடுகிறது, ஒரு மணி நேரம் அங்கேயே நிற்கிறது. கீழ்த்தட்டு அப்போதும் 50 தாண்டவில்லை. பெரியவரிடம் காட்டினேன். குளிர் ஏறுகிற நேரம் என்று இரண்டரைக்குப் பெரிய கட்டையாக நான்கைந்து சேர்த்து வைத்துவிட்டு, கீழே தொங்கும் தெர்மாமீட்டரைத்தான் பார்த்திருக்கிறார். அது சரியாகத்தானே காட்டியது என்றார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. மேலே இருந்த காய்க்குத்தான் நிறம் போயிருக்கிறது.

இனி இரண்டு தடவையாக, சின்னக் கட்டையாகப் போடலாம் என்று அவரே சொல்கிறார். தெர்மாமீட்டரையும் மேல்தட்டு உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டார். 6ஆம் சேனல் இன்னும் காலி. அதில் ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்பதைப் பதிவு செய்ய நினைக்கிறேன். 230 வோல்ட்டை நேராகக் கருவிக்குள் விடமுடியாது என்பது தெரியும். ரிலே போட்டு 5 வோல்ட்டாகக் கொடுக்கலாமா அண்ணாச்சி?


செங்கோட்டை:

தாராளமாகக் கொடுக்கலாம். ரிலேயின் கம்பிச் சுருளில் 230 வோல்ட், கான்டாக்டில் 5 வோல்ட், இரண்டு வயரிங்கும் பெட்டிக்குள் தனித்தனிப் பக்கமாக வரட்டும். அந்தச் சேனலுக்கு ரேஞ்ச் 10 வோல்ட் போடுங்கள். கான்டாக்ட் திறந்திருக்கும்போது வயர் அந்தரத்தில் நிற்கும், அதனால் 6இன் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் 10 கிலோ ஓம் ஒன்று, மைனஸ் கருவியின் கிரவுண்டில். படிக்கும் வரிசையில் அதை 5க்கு முன்னால் வையுங்கள்.